‘திறன் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

எங்கள் நிறுவனத்தில் ஒரு கிடங்கு, ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கணக்கு வழக்கு பார்க்கும் ஓர் அலுவலகம் எல்லாம் உண்டு. அடுத்த இரண்டு வருடங்களில் யாருக்கு என்ன பயிற்சி, எந்தப் பொறுப்புக்கு யாரைத் தயார் செய்வது என்று ஒரு திறன் திட்டம் போடும் வேலை மனிதவளப் பிரிவில் இருந்த என்னிடம் வந்தது. கூடவே ஒரு வரி: “பன்முகத்தன்மையையும் இதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.” எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதை மேலிடம் கவனித்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் திறன் பட்டியல் வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் ஓநெட், ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ என்ற இரண்டு தொழில், திறன் பட்டியல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்கோவில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட திறன்கள் இருக்கின்றன. அதை அப்படியே கொண்டுவந்து கொட்டினால் எந்த மேனேஜரும் நிரப்ப மாட்டார். அதனால் அவற்றைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, வேலை செய்பவர்களிடமே போய் உட்கார்ந்தேன். “நேத்து காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க” என்று கேட்டால் போதும், மேனேஜர்கள் கொடுத்த பட்டியலில் இல்லாதவை எல்லாம் வெளியே வந்தன. கத்தும் வாடிக்கையாளரை அடுத்தவர் தலையில் கட்டாமல் தானே சமாதானப்படுத்தி முடிப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பழக்குவது, வெவ்வேறு மொழி பேசும் இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே தகவல் பிசகாமல் கைமாற்றுவது. இவற்றைப் பெரும்பாலும் பெண்களும் வேறு மொழிக்காரர்களும்தான் செய்துகொண்டிருந்தார்கள். பட்டியலில் பெயரே இல்லாத வேலை பதவி உயர்வுக் கூட்டத்தில் யார் நினைவுக்கும் வராது. அவற்றுக்கெல்லாம் தனித்தனித் தலைப்பு போட்டோம்.

அதற்குள் வேறொரு சிக்கல் முளைத்தது. “இது ஆள்குறைப்புக்குத்தானே?” என்று கிடங்கில் பேச்சு பரவிவிட்டது. இந்தச் சந்தேகம் இருக்கும்வரை எந்தப் பதிலும் உண்மையாக வராது. வாய்வார்த்தை போதாது என்று, இந்தத் தகவல் ஆட்குறைப்புக்கோ சம்பளத்தை முடிவு செய்யவோ பயன்படாது என நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதன் பிறகுதான் ஆட்கள் வாயைத் திறந்தார்கள்.

அடுத்தது மதிப்பிடுவது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் ஒருவருடைய மூன்று இன்னொருவருடைய ஐந்தாக இருக்கும். எண்ணுக்குப் பதில் நடத்தையை எழுதினோம்: உதவியோடு செய்வார், தனியாகச் செய்வார், சிக்கல் வந்தாலும் சமாளிப்பார், பிறருக்குக் கற்றுக்கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் சமீபத்தில் நடந்த ஓர் உதாரணம் கட்டாயம். இதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே அளவு சரியாகச் செய்திருந்தாலும் பெண்கள் தங்கள் செயல்திறனை ஆண்களைவிடக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதை பொருளாதார ஆய்வாளர்கள் கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருந்தது. எங்கள் தாள்களிலும் அது பளிச்சென்று தெரிந்தது. குழுவின் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருவர் தனக்குத்தானே ‘உதவியோடு செய்வார்’ என்று போட்டிருந்தார். உதாரணம் எழுதும் இடம் இருந்ததால்தான் அது மாறியது.

‘வளரும் வாய்ப்புள்ளவரா’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி கேட்கலாம், என்ன செய்வார் என்பதற்கு எதைக் கேட்பது? அந்தக் கட்டத்தில் மேனேஜர் தன்னைப் போன்றவரையே பார்ப்பார் என்பது என் எண்ணம். இதற்கு எதிர்ப்பு வந்தது, இன்றும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது கிடங்கிலிருந்து வந்த ஒரு தாள். காது கேளாத ஒரு ஊழியருக்கு, புதிய சரக்கு மென்பொருளில் ‘திறன் இல்லை’ என்று எழுதியிருந்தார் அவருடைய மேற்பார்வையாளர். பொய் இல்லை, அவருக்கு அது தெரியாதுதான். ஏன் தெரியாது என்று விசாரித்தால், பயிற்சி முழுக்க ஒரு வீடியோ. அதில் வசன வரிகள் கிடையாது. சந்தேகம் கேட்கும் கூட்டம் போனில் நடந்தது. ஆக அந்தத் தாள் அளந்தது அவருடைய திறமையை அல்ல, எங்கள் பயிற்சியின் லட்சணத்தை.

அன்றே படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: ‘இதைக் கற்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்ததா? எப்போது, எந்த வடிவில்?’ ‘இல்லை’ என்று எழுதும் மேனேஜர் இதற்குப் பதில் எழுதாமல் தாளைக் கொடுக்க முடியாது. எத்தனை ‘இல்லை’கள் இப்படிக் கரைந்தன! இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்குப் பயிற்சி எப்போதும் காலையில் நடந்திருக்கிறது. பகுதி நேரமாக வேலை பார்ப்பவர்கள் அழைப்புப் பட்டியலிலேயே இல்லை. குழந்தைப்பேறு விடுப்பில் இருந்து திரும்பியவருக்கு, அவர் இல்லாதபோது மாறிய நடைமுறையை யாரும் சொல்லித்தரவில்லை. வயதில் மூத்தவர்களைப் பற்றி, “அவங்களுக்கு எதுக்கு சார், ரிட்டயர் ஆகப் போறாங்க” என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

வசன வரிகளுக்குச் செலவாகுமே என்ற பேச்சும் எழுந்தது. தேவையான, நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துக் காட்டினேன். ஆனால், உண்மையைச் சொன்னால், காரியத்தை முடித்தது உடன்படிக்கை இல்லை. இரைச்சலான கிடங்கில் காது நன்றாகக் கேட்பவர்களும் வசன வரிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று இன்னொரு மேற்பார்வையாளர் சொன்னார், உடனே பணம் ஒதுக்கப்பட்டது.

படிவத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. எக்செல்லில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூசியிருந்தார்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மை விதிகளில் அடிப்படையான ஒன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் படிப்பவருக்கும் அந்த அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. நிறத்தோடு சொல்லையும் சேர்த்தோம். சின்ன வேலை, ஒரு மதியத்தில் முடிந்தது.

பட்டப்படிப்பு விஷயம் அப்படி முடியவில்லை. மேற்பார்வையாளர் பொறுப்புக்கு ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்ற நிபந்தனை எப்போதிருந்தோ இருந்தது. “அதை எடுத்தா தரம் குறையாதா?” என்றார் ஒரு பிரிவுத் தலைவர். அப்போது கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கைச் சொன்னேன். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இருந்தால்தான் நல்ல பிரிவுகளுக்குப் போகலாம் என்று அந்த மின் நிறுவனம் வைத்திருந்த விதி, கறுப்பினத் தொழிலாளர்களைத்தான் அதிகம் தடுத்தது. விதி வருவதற்கு முன்பே அந்தப் பிரிவுகளில் இருந்த சான்றிதழ் இல்லாதவர்களோ வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தார்கள். இப்படி ஒரு பிரிவினரை அதிகம் தடுக்கும், வேலைக்குச் சம்பந்தம் இல்லாத தகுதி, கெட்ட நோக்கம் இல்லாவிட்டாலும், பாகுபாடாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. “சரி, நம்மிடம் பட்டம் இல்லாமல் இந்த வேலையை ஏற்கெனவே செய்பவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டேன். பொறுப்பு மேற்பார்வையாளர் என்ற பெயரில் பலர் இருந்தார்கள், பதவியும் அதற்குரிய சம்பளமும் இல்லாமல். நிபந்தனை ‘பட்டம் அல்லது நிரூபிக்கப்பட்ட திறன்’ என்று மாறியது. முழுதாக எடுக்க விடவில்லை.

பாலினம், மாற்றுத்திறன் போன்ற விவரங்களை இந்தத் தாளில் சேர்க்கவே இல்லை. விரும்பியவர்கள் தனியாகக் கொடுத்தார்கள். பயிற்சி யார் யாருக்குப் போகிறது என்று மொத்தமாகப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தினோம். ஆள் யார் என்று ஊகிக்க முடிகிற அளவுக்குச் சிறிய குழுவாக இருந்தால் அந்த எண்ணை யாருக்கும் காட்டவில்லை.

இப்போது பயிற்சி நேரம் இரவு ஷிப்டுக்கும் உண்டு. அந்தக் கிடங்கு ஊழியர் மென்பொருளைக் கற்றுக்கொண்டார், புதியவர்களுக்கு அவரே பழக்குகிறார். சில மேனேஜர்கள் இன்னமும் கெடு நாளுக்கு முதல் நாள் இரவில் எல்லாருக்கும் ‘தனியாகச் செய்வார்’ என்று போட்டு அனுப்புகிறார்கள். அவற்றைத் திருப்பி அனுப்புவதே எனக்குப் பாதி வேலை. நல்ல ஆளை வேறு பிரிவுக்கு விட மனமில்லாமல் அவருடைய திறனைக் குறைத்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அடுத்த சுற்றில் ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நிதிப் பிரிவிலிருந்து பதில் வர வேண்டும்.