தண்ணீரில் கரையாத குருணை: பாறைத் தூளிலிருந்து மண் செய்த அனுபவம்

கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்ட, நானே செய்த மண்ணின் குருணை (துகள்கள் ஒட்டிய சிறு திரள்) மறுநாள் காலையிலும் உருக்குலையாமல் கிடக்கிறது. சுற்றியுள்ள நீரும் துளிக்கூடக் கலங்கவில்லை. இதைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விதை முளைத்துவிட்டால் மண் தயார் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கழுவிய மணலிலும் விதை முளைக்கும். பாறைத் தூளும் இலைமட்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அது கலவை. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நீர் புகுந்தாலும் பிடியை விடாமல் நின்றால்தான் மண். அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்பதற்காகவே மூன்று தட்டுகள் வைத்தேன். முதல் தட்டில் கிரானைட் தூள், பசால்ட் தூள், இலைமட்கு மட்டும். இரண்டாவதில் அவற்றோடு களி, அதாவது களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள். மூன்றாவதில் இரண்டாவதன் கலவையே, மேலே புல்.

முதல் தட்டு பிடிவாதமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை நனைத்துக் காயவைத்தாலும், உலர்ந்த கட்டி கையில் உறுதியாகத் தெரிகிறது. தண்ணீரில் இட்டதும் குமிழி விட்டுச் சரிந்துவிடுகிறது. நுண்துளைகளுக்குள் நீர் பாயும்போது உள்ளே அகப்பட்ட காற்று நெருக்கப்பட்டு, கட்டியை உள்ளிருந்தே உடைக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. கிரானைட்டை எவ்வளவு நைசாக அரைத்தாலும் கிடைப்பது அதிலுள்ள கனிமங்களான குவார்ட்ஸின் பொடியும் ஃபெல்ட்ஸ்பாரின் பொடியும்தான். களி என்பது அரைத்து வருவதல்ல. வேதிமாற்றத்தில் பிறக்கும் வேறொரு கனிமம். கார்பானிக் அமிலம் கலந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் கரைத்துக்கொண்டு போக, எஞ்சுவது கயோலினைட் போன்ற களிக்கனிமம். புதிதாக அரைத்த ஃபெல்ட்ஸ்பாரைத் தூய நீரில் குலுக்கி பி.எச். (அமில, கார அளவு) பாருங்கள், 8-க்கு மேல் ஏறும். நீரின் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே போய், கார அயனிகள் வெளியே வருவதன் அடையாளம் அது. ஆனால் இந்த வேலை மேற்பரப்பிலேயே நடந்து, மிக மெதுவாகத்தான் உள்ளே போகிறது. ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்கு இயற்கை நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே களியை, இயற்கை ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும் உக்கிய, அதாவது இருந்த இடத்திலேயே சிதைந்து மென்மையான, கிரானைட்டிலிருந்து பிரித்தெடுத்தேன். நல்ல உக்கல் பாறையைக் கையில் எடுத்தாலே தெரியும். ஃபெல்ட்ஸ்பார் வெளுத்து, நகம் பட்டால் மாவாக உதிரும். கருமைக்கா என்னும் கறுப்பு அபிரகம் நிறம் மாறிப் பழுப்பாகியிருக்கும்; அது ஊதிப் பெருத்ததால்தான் பாறை முதலில் விரிசல் விட்டிருக்கும். குவார்ட்ஸ் மட்டும் எதுவும் நடக்காதது போலப் பளபளக்கும். எந்தக் கனிமம் முந்திச் சிதையும், எது கடைசிவரை நிற்கும் என்று புவியியலாளர் கோல்டிச் 1938-இல் வரிசைப்படுத்தியதில் ஆலிவின் முதலில் போகும், குவார்ட்ஸ் கடைசி. அந்த வரிசையின் பின்பாதியை ஒரே கல்லில் பார்க்கலாம்.

இனி என்னை அதிகம் வாட்டிய கட்டத்துக்கு வருகிறேன்: களியைப் பிரிப்பது.

இதற்கு எல்லோரும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்னும் உப்பைப் பரிந்துரைக்கிறார்கள். மண்ணில் களி எத்தனை சதவீதம் என்று அளக்க அது அருமையான பொருள். மண் செய்யப் புறப்பட்டவர்களுக்கு அது பகை. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைப்பதே சோடியத்தின் வேலை. களியில் அது தங்கிவிட்டால் பிறகு குருணை எப்படிக் கட்டும்? நான் மழைநீரை மட்டும் நம்பினேன். குழாய் நீர் உதவாது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் களித்துகள்களைத் திரளச் செய்து, நேரத்துக்கு முன்பே அடியில் இறக்கிவிடும். குடுவையில் நீர் சீக்கிரமே தெளிந்தால் களி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் நீரைச் சந்தேகியுங்கள்.

நன்றாகக் குலுக்கி வைத்தபின், பெரிய துகள் வேகமாகவும் சிறியது மெதுவாகவும் இறங்கும் என்னும் ஸ்டோக்ஸ் விதி பார்த்துக்கொள்ளும். 0.05 மில்லிமீட்டர் மணல் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. களியின் மேல்வரம்பான 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே தூரம் இறங்க, 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 8 மணி நேரம்; 30 டிகிரியில் நீர் இளகுவதால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த நேரம் கழிந்ததும், மேலிருந்து 10 சென்டிமீட்டர் வரையுள்ள கலங்கலைக் குழாய் வைத்து இறக்கிக்கொள்ளலாம். இங்கேதான் எல்லாம் கெடும். நேரான குழாய் கீழிருந்து உறிஞ்சுவதால், களியைவிடப் பெரிய துகளான வண்டலும் கூடவே வந்துவிடுகிறது. குழாயின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைத்து ரப்பர் குழாயில் செருகினேன். இத்தனை கருவிகளில் இதுதான் என் பெருமை. குடுவையின் ஒரு பக்கம் வெயில் பட்டாலும் உள்ளே நீரோட்டம் எழுந்து கணக்கைக் குலைக்கும், எனவே நிழலில், அதிர்வில்லாத தரையில் வையுங்கள். ஒரே முறையில் நின்றுவிடாமல், மேல்நீர் தெளிவாக வரும்வரை மறுபடி மறுபடி செய்ய வேண்டும்.

சேர்ந்த கலங்கலில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) கரைசல் விட்டால் சிறிது நேரத்தில் களி திரண்டு படியும். மேல்நீரை வடித்துவிட்டுக் குழம்பாகவே கலவையில் சேருங்கள். காயவிட்டால் செதில் செதிலாக இறுகி, பிறகு எவ்வளவு பிசைந்தாலும் தூளோடு கலக்காது.

தூள் வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். கல்லறுக்கும் பட்டறைச் சேறு சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துவராதீர்கள். அறுக்கும்போது சேர்க்கும் இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் அதில் இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது, ஏனெனில் பாறையிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமமும் காந்தத்தில் ஒட்டும். ஈரத்தில் சில நாள் வையுங்கள்: இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும், மேக்னடைட் கறுப்பாகவே இருக்கும். ஜல்லி உடைக்கும் இடத்துத் தூளை வாங்கிச் சலிப்பதே நல்லது. நனைத்துத்தான் கையாளுங்கள், சிலிக்கா தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

இரண்டாவது தட்டுக்கு வருகிறேன். முழுதாக மட்கிய கரிய மட்கைவிட, பாதி மட்கிய இலைதான் குருணையை வேகமாகக் கட்டுகிறது. நுண்ணுயிர்கள் தின்னும்போது சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும்தான் ஒட்டும் பொருள். தின்று முடித்த மட்கில் அவற்றுக்கு இரை குறைவு. குருணையைத் தண்ணீரில் இட்டுப் பார்க்க மண்ணியலாளர் எமர்சன் 1967-இல் தந்த சோதனை முறையில் இரண்டு தோல்விகள் உண்டு: குருணை உதிர்ந்தும் நீர் தெளிவாக இருப்பது ஒன்று, களி பிரிந்து சுற்றிலும் பால் கலந்தது போல வெண்மை படர்வது மற்றொன்று. இரண்டாவது தட்டின் குருணைகளில் சில இன்னும் உதிர்கின்றன, ஆனால் வெண்மை படரவே இல்லை. ஜிப்சத்துக்கு நன்றி.

உருக்குலையாமல் நின்ற குருணை மூன்றாவது தட்டினுடையது. மண்ணியலாளர்கள் டிஸ்டாலும் ஓட்ஸும் 1982-இல் விளக்கியபடி 0.25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திரள்களை வேர்களும் பூஞ்சை இழைகளும் கட்டிவைக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு வேர்மயிரில் நான்கைந்து குருணைகள் கோத்துக் கிடக்கின்றன. ஒரே குறை, புல் மஞ்சளடிக்கிறது. காய்ந்த இலையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் முழுவதையும் தமக்கே எடுத்துக்கொள்கின்றன. பச்சைப் புல் நறுக்கு கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் நான்காவது தட்டுக்கு மரச்சட்டம் அடித்தாகிவிட்டது. மண்ணை உருவாக்குபவை என்று மண்ணியலாளர் ஜென்னி 1941-இல் சொன்ன ஐந்து காரணிகளில் நிலச்சாய்வை, அதாவது மேடுபள்ளத்தை, இன்னும் தொடவில்லை. சாய்வான தட்டில் மழைநீரை விட்டு, மேல்முனையிலிருந்து களி கீழ்முனைக்கு நகர்கிறதா, வடியும் நீரின் பி.எச். எப்படி மாறுகிறது என்று பார்க்கப்போகிறேன். அதற்கும் களி வேண்டும். குடுவைகளை மறுபடி கழுவி நிழலில் வைத்திருக்கிறேன். இரண்டாவது தட்டின் குருணைகளைத் தண்ணீருக்குள் சலித்து எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் ஈரச் சலிப்புக் கணக்கு இன்னும் பாதியில் நிற்கிறது.