மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ்.

நேத்து வேலூர் சத்துவாச்சாரி மருந்துக்கடையில ஒரு பெரியம்மா கண் கலங்கி நின்னாங்க. காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்துல எஸ்.ஓ.எஸ்.னு எழுதியிருக்காம். "அது உயிருக்கு ஆபத்துன்னா போடுறதாச்சேப்பா?"

இல்லம்மா. சீட்டுல வர்றது லத்தீன், 'சி ஓபுஸ் சிட்'. தேவைப்பட்டா மட்டும் போட்டுக்கங்கன்னு அர்த்தம். கப்பல்காரங்க ஆபத்துல அனுப்புற எஸ்.ஓ.எஸ். வேற. 1906ல பெர்லின் மாநாட்டுல ஏத்துக்கிட்டது. மூணு புள்ளி, மூணு கோடு, மூணு புள்ளி. மோர்ஸ்ங்கிற தந்திக் குறியீட்டுல சட்டுனு பிடிபடும்னுதான் அதை எடுத்தாங்க. 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்'ங்கிற விரிவு பின்னாடி ஒட்டவெச்சது.

சீட்டுல வர்ற பி.டி.யும் லத்தீன்தான், ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு அர்த்தம்.

எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து இறங்குற வேலூர்ல, பக்கத்துலயே 'தேவைப்பட்டால்'னு தமிழ்லயும் எழுதணும். நான் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு, மடிச்சு சுருக்குப்பையில வெச்சுக்கிட்டாங்க.