தொலைந்த பையன் கிடைத்துவிட்டான்

மூன்று வருடங்களுக்கு முன்பே வீடு திரும்பிவிட்ட ஒரு பையனை, கடந்த ஆண்டு ஓர் இரவு பதினோரு வாட்ஸ்அப் குழுக்களில் தேடச் சொன்னேன்.

படத்தில் அவனுக்கு ஆறேழு வயது இருக்கும். நீலச் சட்டை, படிய வாரிய தலை. "இந்தக் குழந்தையைக் காணவில்லை. பார்த்தவர்கள் உடனே அழையுங்கள். ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்க ஒரு நொடி போதும்" என்று கீழே எழுதியிருந்தது. ஒரு கைபேசி எண்ணும் இருந்தது. தேதி இல்லை, ஊர் பெயர் இல்லை. என் அக்கா மகனுக்கும் அதே வயது. படத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியவில்லை. சலிக்காமல் பதினோரு தடவை அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் மனது கேட்கவில்லை. பையன் கிடைத்தானா என்று விசாரிக்க அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் அவனுடைய அப்பா.

"அம்மா, அவன் அன்றைக்குச் சாயங்காலமே கிடைத்துவிட்டான். மூன்று வருடம் ஆகிறது. இன்று காலையில் மட்டும் நீங்கள் ஒன்பதாவது ஆள்."

கோபமாகச் சொல்லவில்லை, பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார். எண்ணை மாற்ற முடியாதாம். தொழில் முழுவதும் அந்த எண்ணில்தான் நடக்கிறதாம். பள்ளியில் மகனை 'காணாமல் போனவன்' என்றே கூப்பிடுகிறார்களாம். போனை வைத்த பிறகு வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களாக நான் அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். தேதி இல்லாத ஓர் அறிவிப்பு என் மேசைக்கு வந்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடாமல் அந்தத் தாளை நகர்த்தியிருக்க மாட்டேன். அன்று அந்தக் கேள்வி எனக்குள் எழவே இல்லை. எழாமல் செய்தது அலட்சியம் அல்ல, இரக்கம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொய்ச் செய்தியைப் பரப்புகிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு பரப்புவதில்லை. உதவ வேண்டும் என்று துடிக்கிற மனம்தான் சீக்கிரம் ஏமாறுகிறது.

அந்த இரட்டை அம்புக்குறிக்கு என்ன பொருள் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்த செய்தி என்பதற்கான அடையாளம் அது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. கை சற்றுத் தயங்கட்டும் என்று வைத்த தடை. நான் அதைப் பதினோரு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

உடனே எல்லாக் குழுக்களிலும் செய்தியை அழித்தேன். ஆனால் நான் அழித்தது நான் அனுப்பிய பிரதியை மட்டும்தான். என்னிடமிருந்து வாங்கி மற்றவர்கள் அனுப்பியதை நான் தொட முடியாது. அதனால் பதினோரு இடங்களிலும் எழுதினேன்: "நேற்று இரவு நான் அனுப்பிய படம் பழையது. பையன் அன்றே கிடைத்துவிட்டான். அவனுடைய அப்பாவிடம் பேசி உறுதி செய்துகொண்டேன். அனுப்பியிருந்தால் தயவுசெய்து அங்கும் சொல்லிவிடுங்கள்." முந்தைய இரவு கைகூப்பும் குறிகள் வரிசையாக வந்திருந்தன. இதற்கு இரண்டே பேர் பதில் போட்டார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டும் பிழைதிருத்தப் பட்டியலுக்கும் இதே கதிதான். 47ஆம் பக்கத்தில் தவறாகப் படித்தவர் பட்டியலைத் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. 2018 மார்ச்சில் சயன்ஸ் இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை அவர்கள் பின்தொடர்ந்திருந்தார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்யைவிட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணம் அல்ல என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். அவை உண்மையையும் பொய்யையும் ஒரே அளவில்தான் வேகப்படுத்தின. வித்தியாசத்தை உண்டாக்கியது மனிதர்களின் விரல். அதில் என் விரலும் உண்டு என்று எனக்கு இப்போது தெரியும்.

இதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது பெரிதாக ஒன்றும் இல்லை. தேதியும் இடமும் இல்லாத உதவிக் கோரிக்கை வந்தால் முதலில் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்கிறேன், அழைப்பதில்லை. பதில் வராவிட்டால் என்னோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் தவறாக எதையாவது பகிர்ந்திருந்தால் ஓசையில்லாமல் அழித்துவிட்டு நகர்வதில்லை. எங்கே தவறினேனோ அங்கேயே, எது தவறு என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மற்றவர்களுடைய தவறைத் திருத்துவது இதைவிடக் கடினம். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவருக்கு எழுபத்துநான்கு வயது. ஒரு வெள்ளச் செய்தியை ஒட்டி, தண்ணீர் நிறைந்த சாலையில் கார் ஜன்னலுக்கு வெளியே சுறா நீந்துகிற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். அந்தச் சுறாவை எனக்குத் தெரியும். 2003இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சிறு படகைப் பின்தொடர்ந்த வெள்ளைச் சுறாவை தாமஸ் பெஷாக் எடுத்த புகழ்பெற்ற படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. 2011இல் ஐரீன் புயலின்போது பரவத் தொடங்கி, அதற்குப் பிறகு எங்கே வெள்ளம் வந்தாலும் அந்தச் சுறாவும் வந்துவிடுகிறது. இதையெல்லாம் முப்பத்துநான்கு பேர் இருந்த குழுவில் விவரமாக எழுதினேன். சின்னவர்கள் ஆறு பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள்.

மறுநாளிலிருந்து பெரியப்பாவின் காலை வணக்கம் வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு அழைத்தேன். "நீ சொன்னது சரிதான் அம்மா. தப்பு செய்தது நான். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, சபையில் ஏன் சொன்னாய்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு அவர் சந்தேகமான படங்களைக் குழுவில் போடுவதற்கு முன் எனக்குத் தனியாக அனுப்பிக் கேட்கிறார். முப்பத்துநான்கு பேர் முன்னால் நான் நிறுவிய உண்மையால் கிடைக்காதது அந்த ஒரு போன் பேச்சில் கிடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒருவருடைய படத்தைப் போட்டு 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று வந்தால், மருந்தை நிறுத்தச் சொல்லி வந்தால், நான் காத்திருப்பதில்லை. அந்த நிமிடமே குழுவில் எழுதுகிறேன். அந்தத் தாமதத்தில் ஒருவர் அடிபடலாம், ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடலாம். அப்போதும் அனுப்பியவரின் பெயரைச் சொல்வதில்லை. "இந்தச் செய்தி உறுதியாகவில்லை, யாரும் மேலே அனுப்ப வேண்டாம்" என்று எழுதிவிட்டு, அனுப்பியவரைக் கையோடு அழைத்துப் பேசுகிறேன்.

முன்பின் தெரியாதவர்களோடு வாக்குவாதம் வந்தால் பதிலை எழுதி, வாய்விட்டு ஒருமுறை படிக்கிறேன். நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததைத் திரைக்குப் பின்னால் இருந்து சொல்லிவிடுகிறோம் என்பதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இலேயே விளக்கி எழுதியிருக்கிறார். என் குரலில் என் வாக்கியத்தைக் கேட்கும்போது எதிரே ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாதிப் பதில்கள் அங்கேயே அழிந்துபோகின்றன. தனி உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை, அது யாருடையதாக இருந்தாலும், நான் எங்கும் வெளியிடுவதில்லை. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

போன வாரம் நீலச் சட்டைப் பையன் மறுபடி வந்தான். அதே படம், அதே எண், அதே இரட்டை அம்புக்குறி. இம்முறை அனுப்பியவர் என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர். குழுவில் ஒன்றும் எழுதாமல் அவரை அழைத்தேன். பையனின் அப்பா சொன்னதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "நான் நான்கு இடங்களுக்கு அனுப்பிவிட்டேனே, இப்போது என்ன செய்வது?" என்று கேட்டார். நான் அன்று எழுதிய வரிகளை அவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் நான்கு இடங்களிலும் போட்டுவிட்டார். அதோடு நிற்காமல், தனக்கு அனுப்பியவருக்கும் தனியாக எழுதியிருக்கிறார். எனக்குத் தோன்றாமல் போனது அது. எனக்கு அந்தப் படத்தை முதலில் அனுப்பியவரிடம் நான் இன்றுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே தேடிப் பிடித்து அவருக்கும் எழுதினேன். இன்னும் ஒற்றை டிக்கில்தான் இருக்கிறது.