கருப்பைக்குள் வேப்பெண்ணெய்: ஆய்வு சொல்வது என்ன?

வேப்பெண்ணெய் கருத்தரிப்பைத் தடுக்குமா? எலியில் தடுத்திருக்கிறது. புதுதில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏற்கெனவே குட்டி போட்ட எலிகளின் கருப்பைக்குள் ஒரே ஒரு முறை 100 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் இரண்டு சொட்டு, வேப்பெண்ணெய் செலுத்தினார்கள். ஆணோடு திரும்பத் திரும்ப விட்டும் 107 முதல் 180 நாள் வரை சினை பிடிக்கவில்லை. ஐந்து மாதத்துக்குள் பாதி எலிகள் தானாகவே சினைப்பட்டு நல்ல குட்டிகளை ஈன்றன.

அதில் மிக அழகான பகுதி இது. எலியின் கருப்பைக்கு இரண்டு கொம்புகள், அதாவது இரண்டு கிளைகள், உண்டு. ஒன்றில் வேப்பெண்ணெய், மற்றதில் கடலை எண்ணெய். கடலை எண்ணெய்ப் பக்கம் கருக்கள் ஒழுங்காக வளர்ந்தன. வேப்பெண்ணெய்ப் பக்கம் கரு பதிந்த தடயமே இல்லை. சூலகங்கள் இரண்டுமே வழக்கம்போல முட்டை விட்டிருந்தன. ஆக, எந்த எண்ணெயானாலும் போதும் என்பதில்லை, சூலகத்தின் வேலையும் கெடவில்லை. கரு பதிய வேண்டிய நாட்களில் கருப்பையின் உட்சுவரில் வெள்ளணுக்கள் வந்து குவிந்திருந்தன. அந்த இடத்து நோயெதிர்ப்பு கிளம்பிக் கருவைத் தங்கவிடவில்லை என்றே தோன்றுகிறது.

அதே குழு 1993இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், ஆண் எலிகளின் ஒவ்வொரு விந்துக்குழாயிலும் 50 மைக்ரோலிட்டர் வேப்பெண்ணெய் செலுத்தியபோது, கவனித்த எட்டு மாதமும் கருத்தடை நீடித்தது.

இதை வைத்து யாரும் வீட்டில் சிரிஞ்சை எடுக்கக் கூடாது. செக்கில் ஆட்டிய எண்ணெய் கிருமி நீக்கியது அல்ல. ஈரத்தில் கிடந்த வேப்பங்கொட்டையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரலாம். கிருமி நீக்காத எதையும் கருப்பை வாயைத் தாண்டிச் செலுத்தினால் கிருமி கருக்குழாய் வரை ஏறலாம். புண் ஆறும்போது குழாய் அடைத்துக்கொண்டால் அந்த மலட்டுத்தன்மை தானாக நீங்காது. ஆணுறையோடு எண்ணெய் தடவுவதும் தவறு: ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியக்கூடும். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டவே வேண்டாம். வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மூளை வரை பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நீண்ட காலத்துக்கு வேண்டும், நினைத்தால் நிறுத்தவும் வேண்டும் என்பவர்களுக்கு இன்று கையில் இருக்கும் ஒரு வழி காப்பர்-டி, அதாவது கருப்பைக்குள் மருத்துவர் வைக்கும் செம்புச் சாதனம். 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுவார்கள். அதை எடுத்துவிட்டால் அடுத்த மாதவிடாய்ச் சுழற்சியிலேயே கருத்தரிக்கலாம்.