கிரெஸ்லியும் அந்த நடு சிலிண்டரும்

மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி ரயில் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கு 126 மைல் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 1938 ஜூலை 3, ஸ்டோக் இறக்கம், நீராவி எஞ்சின்களில் உலக சாதனை, எல்லாம் சரி. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். நடு சிலிண்டரின் பெரிய பேரிங் கொதித்துப்போய், பீட்டர்பரோவிலேயே மல்லார்டைக் கழற்றிவிட்டார்கள். ரயிலை லண்டன் வரை இழுத்துப் போனது ஐவாட் காலத்துப் பழைய எஞ்சின் ஒன்று. ஐவாட் யார்? மல்லார்டை வடிவமைத்த நைஜல் கிரெஸ்லிக்கு முன்னால், ரயில் கம்பெனியின் தலைமை எஞ்சின் பொறியாளர் நாற்காலியில் இருந்தவர்!

1911இல் ஐவாட் ஓய்வு பெற்றபோது கிரெஸ்லிக்கு வயது 35. அதுவரை டான்காஸ்டரில் ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எஞ்சின் பக்கம் வந்ததும் மூன்று சிலிண்டர் மீது அவருக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. வெளியே இரண்டு, நடுவில் ஒன்று. நடுவில் இருப்பதற்கு, நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் வால்வை ஓட்டத் தனி அமைப்பு வைத்தால் பழுது பார்ப்பவர் எஞ்சினுக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். அதனால் வெளி வால்வுகள் இரண்டின் அசைவையும் முன்பக்கத்தில் இரண்டு நெம்புகோல்கள் வழியாகச் சேர்த்து, அதிலிருந்தே நடு வால்வை ஓட்டினார். காகிதத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு. ஆனால் நெம்புகோல்களை இணைக்கும் ஒவ்வொரு முளையும் கொஞ்சம் கொஞ்சம் தேய, அந்த ஆட்டம் எல்லாம் சேர்ந்து நடு வால்வின் தலையில் வந்து விழும். வேகம் ஏற ஏற அது அளவுக்கு மீறி நகரும், நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் உழைக்கும், பேரிங் சூடாகும்.

பிடிவாதக்காரர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. 1925இல் கிரேட் வெஸ்டர்ன் என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் ‘காசில்’ வகைச் சின்ன எஞ்சின் இவருடைய பெரிய எஞ்சின்களைவிடக் குறைவான நிலக்கரியில் ஓடிக் காட்டியபோது, வால்வு நகரும் தூரத்தைக் கூட்டித் தன் வடிவமைப்பையே திருத்திக்கொண்டவர். நெம்புகோலை மட்டும் விடவில்லை.

1941 ஏப்ரலில் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். போர்க்காலத்தில் பராமரிப்பு குறையக் குறைய அந்த அமைப்பின் பலவீனம் அப்பட்டமாகத் தெரிந்தது. அடுத்து வந்த தாம்சன் வேறொரு போட்டிக் கம்பெனியிடமே அறிக்கை கேட்டு வாங்கி, புதிய எஞ்சின்களில் அதைக் கைவிட்டார். கேட்ட விதம் எனக்கு உறுத்தல்தான், ஆனால் அறிக்கையில் இருந்தது நியாயமான குறை.

கிரெஸ்லிக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? சாதனை ஓட்டத்துக்குக் கிளம்பும்போதே மல்லார்டின் நடு பேரிங்கில் சோம்பு வாசனைக் குப்பி ஒன்றைப் பொருத்தித்தான் அனுப்பியிருந்தார்கள், சூடு ஏறினால் டிரைவர் மூக்குக்கு முதலில் தெரியட்டும் என்று.