ட்யூபின் பின்பக்கம்

தினமும் பாம்பனிலிருந்து பாலம் கடந்து மண்டபத்துக்கு ஸ்கூட்டரில் போய்வரும் எனக்கு மாய்ஸ்சரைசர் தனி, சன்ஸ்கிரீன் தனி என்று பூச நேரம் வாய்ப்பதில்லை என்பதால், இரண்டும் சேர்ந்த ஒரே கிரீமை நான்கு மாதங்களாகப் பூசி வந்தேன். அப்படியும் கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்த பிறகுதான், முன்பக்கத்து 'எஸ்.பி.எஃப். 30' என்ற வெயில்காப்பு எண்ணை மட்டும் நம்பியிருந்த நான் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தேன்.

எஸ்.பி.எஃப். பெரும்பாலும், வெயிலின் புற ஊதாக் கதிர்களில் தோலைச் சிவக்க வைக்கும் யூ.வி.பி. கதிரைப் பற்றியது, 30 என்றால் அதில் ஏறக்குறைய 97 விழுக்காடு தடுக்கப்படும், 50 என்றால் 98. மங்கு கருப்பதில் பங்குள்ள யூ.வி.ஏ. கதிருக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துகளையும் அவற்றை அடுத்த கூட்டல் குறிகளையும் பார்க்க வேண்டும், குறி கூடக் கூடக் காப்பும் கூடும். என் ட்யூபில் அவை இல்லை.

கிளிசரின், நியாசினமைடு, டைமெத்திகோன் என ஈரம் காக்கும் பொருள்களில் எனக்குக் குறையில்லை. யூ.வி.ஏ.-வைத் தடுக்கும் ஆவோபென்சோனும், பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்ற நீண்ட பெயரில், இருக்கத்தான் செய்தது. ஆனால் அதனுடன் யூ.வி.பி.-யைத் தடுக்கும் ஆக்டினாக்சேட்டும் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் வெயில் பட்டதும் ஒன்றையொன்று சிதைத்துக்கொள்ளும், ஆவோபென்சோனைச் சிதையாமல் தாங்கிப்பிடிக்கும் ஆக்டோகிரிலீன் பட்டியலில் காணவில்லை.

கடைசி வரிகளில் காரஜீனன் என்றிருந்தது. எங்கள் கரையில் மிதவை கட்டி வளர்க்கும் பாசியிலிருந்து எடுக்கப்படும், கிரீமைக் கெட்டியாக்கும் பொருள் அது. பாசி எடுக்கப் போகும் என் அத்தையிடம் அதைக் காட்டினேன். ட்யூபை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதப் பூசிக்கிட்டுக் கடல்ல எறங்கலாமா தாயி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீரைத் தாங்கும் என்ற குறிப்பு அதில் இல்லை. கடலில் இறங்கும்போது அவர் போடும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமே அவருக்கு நல்ல காப்பு. மேலும், பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 சனவரி முதல் விற்பனைக்குத் தடைசெய்த இரண்டில் ஒன்று ஆக்டினாக்சேட், மற்றொன்று ஆக்ஸிபென்சோன். பவளம் வெளுக்க முதற்காரணம் கடல் சூடாவதே என்றாலும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை எதிரே வைத்துக்கொண்டு அந்தக் கிரீமை மறுபடி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இருவகைக் கதிரையும் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடு உள்ள, பி.ஏ. நான்கு கூட்டல் குறியிட்ட கிரீம் வாங்கியிருக்கிறேன். மாநிறத்தில் சற்று வெளுப்பாகத் தெரிகிறது, பொறுத்துக்கொள்கிறேன். பழைய 50 கிராம் ட்யூப் நான்கு மாதம் வந்ததென்றால் நாளுக்கு அரை கிராம்கூட நான் பூசவில்லை. எஸ்.பி.எஃப். சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கு அது ஏறத்தாழ ஒரு கிராம். அந்தக் கணக்குப்படி அதே அளவுள்ள புதிய ட்யூப் ஐம்பது நாளில் தீர வேண்டும், இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.