அதுக்கு வசனம் இருக்கா சிஸ்டர்?

கேட்டவள் சண்டைக்கு வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்பாவின் டெத் சம்மரியை வாங்க வந்தவள், காப்பீட்டுத் தாள்களைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டூட்டி மாறுகிற நேரம் பார்த்து ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "நல்லாருக்கீங்களா சிஸ்டர்" என்றாள். அப்புறம்தான் கேட்டாள். "அன்னைக்கு ராத்திரி எங்கப்பாவப் பத்திச் சொன்னீங்களே. அதுக்கு வசனம் இருக்கா சிஸ்டர்?"

"தேவன் அன்பாகவே இருக்கிறார்னு யோவான் எழுதியிருக்காரேம்மா" என்றேன்.

"அது தெரியும் சிஸ்டர். விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்னு மாற்குலயும் இருக்குல்ல. எங்க பாஸ்டர் அதைத்தான் காட்டுனாரு."

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே ஒரு மானிட்டர் கத்தியது. "இதோ வர்றேம்மா" என்று போய்விட்டேன். மானிட்டர் கத்தியது உண்மைதான். ஆனால் அந்த பெட்டுக்கு வேறு சிஸ்டர் இருந்தாள். நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் போயிருந்தாள்.

அவளுடைய அப்பா மேலூர்ப் பக்கத்துக்காரர். பல வருடப் பீடி நெஞ்சைத் தின்றிருந்தது. முதல் மூன்று நாள் மாஸ்க்கோடுதான் இருந்தார்; அதைக் கழற்றிக் கழற்றிப் பேசுவார். "நீ வேதக்காரப் புள்ளையா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எம் மகளும் வேதத்துல சேந்துருச்சு. என்னையும் வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கு. எனக்கு அழகர் போதும் ஆத்தான்னு சொல்லிட்டேன்." வருடா வருடம் சித்திரையில் ஆட்டுத்தோல் பையைச் சுமந்துகொண்டு போய் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவராம். மண்டூக மகரிஷி கதையையும் அவர்தான் சொன்னார். மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அழகர் ஆற்றில் இறங்குவது தெரியும். துர்வாசரின் சாபத்தால் தவளையாகிக் கிடந்த ஒரு முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் வைகைக்கு வருகிறார் என்பதை மாஸ்க் கட்டிக்கொண்டே கேட்டபோதுதான் உறைத்தது. "ஒத்தத் தவளைக்காக மலையிலேருந்து அம்புட்டுத் தூரம் வாராருல்ல" என்றார். மூச்சு முட்டியது, மாஸ்க்கைத் திரும்பப் போட்டேன்.

நாலாம் நாள் வென்டிலேட்டர். ஆறாம் நாள் இரவு மருந்தை எவ்வளவு ஏற்றியும் பிபி நிற்கவில்லை. டாக்டர் மகன்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மகள் வந்தாள். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். "அண்ணனுங்க தூங்குறாங்க சிஸ்டர். நீங்களும் கிறிஸ்தவங்கதான. ரெண்டு சொட்டு தலையில ஊத்தி பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லிருங்க. விடியிறதுக்குள்ள பாஸ்டர் வர முடியாது."

நான் நர்சிங் படித்தது கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியில். சாகிற நிலையில் உள்ள ஒருவருக்குக் குருவானவர் கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள்: பெரியவர் என்றால் அவர் ஏதாவது ஒரு விதத்தில் தன் விருப்பத்தைக் காட்டியிருக்க வேண்டும். இவர் விருப்பத்தைத் தெளிவாகவே காட்டியிருந்தார், வேண்டாம் என்று. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். "அப்பா வேண்டாம்னு சொன்னாரும்மா, அவரைக் கேக்காம செய்யக் கூடாது" என்றிருந்தால் அது என் வேலைக்கும் சரி, விசுவாசத்துக்கும் சரி.

நான் சொன்னது வேறு. "வேண்டாம்மா. தண்ணி ஊத்தலைங்கிறதுக்காகக் கைவிடுற ஆண்டவர் இல்ல அவரு. அப்பாவை விட மாட்டாரு. நிச்சயமா விட மாட்டாரு."

அந்த 'நிச்சயமா'தான் என்னைத் தூங்க விடவில்லை.

22 வருடமாக ஐசியூவில் இருக்கிறேன். வாசலில் நிற்கிறவர்கள் "பொழைச்சுருவாங்களா சிஸ்டர்" என்று கேட்டால் நாங்கள் நிச்சயமாக என்று சொல்லவே மாட்டோம். "டாக்டர் சொல்லுவார், முயற்சி பண்றோம்" அவ்வளவுதான். ஜூனியர் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே காத்திருக்கும், பார்த்துப் பேசுங்கள் என்று. நாடித்துடிப்பு கண்ணெதிரே எண்ணாக ஓடும்போதே சொல்லாத வார்த்தையை, மரணத்துக்கு அப்பால் நடக்கப்போவதைப் பற்றிச் சொன்னேன்.

நம்பித்தான் சொன்னேன். லூக்கா 15இல் காணாமற்போன ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறது: 'கண்டுபிடிக்குமளவும் தேடித்திரியானோ?' இருட்டும்வரை என்றோ ஆடு சாகும்வரை என்றோ அங்கே இல்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த 'கண்டுபிடிக்குமளவும்' எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. பெட்டில் கிடக்கிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது அது ஞாபகம் வரும்.

ஆனால் அன்றைக்கு என் கண் வெளியே பாயில் படுத்திருந்த அண்ணன்கள் மேலும் போனது. அவர்கள் விழித்துக்கொண்டால் என்னாகும், நர்ஸே மதம் மாற்றுகிறாள் என்று காலையில் பேச்சுக் கிளம்பினால் என்னாகும் என்ற பயம் இருந்தது. மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் எனக்குள் இருந்தன: அவர் வேண்டாம் என்றது, என் பயம், என் நம்பிக்கை. இவற்றில் எது வாயைத் திறந்தது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. உண்மையான ஒன்றை வசதிக்காகச் சொன்னால் அது உண்மையாகவே இருக்குமா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டவளுக்கு நான் என்ன கொடுத்தேன்?

அவள் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு என் பெரியப்பாவிடம் போனேன். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்து, கிராமத்துச் சபைகளில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏதோ புதிதாக உளறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். புதிது இல்லையாம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஓரிஜன் என்பவர், கடைசியில் எல்லாமே கடவுளிடம் திரும்பிச் சேரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அவரைக் கள்ளப்போதகர்கள் வரிசையில் சேர்த்தது. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் ஆயராக இருந்த கிரகோரியாரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். அவரை யாரும் தள்ளவில்லை, இன்றைக்கும் புனிதர்தான். 1964இல் வத்திக்கானில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் சங்கம், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்து, உண்மை மனதோடு கடவுளைத் தேடுகிறவரும் மீட்படையலாம் என்று எழுதியிருக்கிறது. "ஆனா இவருக்குத்தான் மக பல தடவ சொல்லிருச்சே, அறியாதவர்னு எப்படிச் சொல்லுவ?" என்று பெரியப்பாவே கேட்டார்.

வசனங்களையும் எடுத்து வைத்தார். 'ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்.' எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே அவர் சித்தம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபம். எனக்கு மனசு நிறைந்தது. அடுத்து மத்தேயு 25:46ஐத் திருப்பினார். நித்திய ஆக்கினை. கிரேக்கத்தில் அந்த 'நித்திய' என்ற சொல் 'யுகம்' என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கு முடிவில்லாதது என்றுதான் பொருள் என்று கட்டாயமில்லை என்பார்கள் சிலர். "அதே வசனத்துல நித்திய ஜீவன்னும் இருக்கேம்மா. ஒன்னைக் குறைச்சா இன்னொன்னும் குறையுமே." கடைசியாகச் சொன்னார், "ஆசைப்படலாம். அதுக்காக ஜெபிக்கலாம். அறிவிக்கக் கூடாது." நான் அறிவித்துவிட்டேன்.

அவர் சொன்னதும் எனக்கு முழுதாக ஒத்துவரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா சாகும்போது ஒரு மகளிடம் "ஆசைப்படலாம்மா" என்றா சொல்வது?

அதே சமயம் வேறொரு முகமும் வருகிறது. சில வருடங்களுக்கு முன், புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய ஒரு பெண் 11 நாள் எங்களிடம் கிடந்து செத்தாள். ஆண்டவர் யாரையும் விட மாட்டார் என்றால் அவனையுமா? கிரகோரியார் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். கடவுளின் நெருப்பு பழிவாங்குகிற நெருப்பு அல்லவாம். அறுத்தும் சூடு போட்டும் குணமாக்கும் வைத்தியரைப் போல அவர் செய்கிறார், நோயாளிக்கு அது வேதனையாகத்தான் இருக்கும் என்கிறார். தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்கிறவளுக்கு இது புரியும். செத்த தோலை உரித்து எடுக்காமல் புதுத்தோல் வராது, அந்த அலறலைக் கேட்டுக்கொண்டேதான் கையை நிறுத்தாமல் செய்ய வேண்டும். எனக்குப் புரிகிறது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் உறுத்துகிறது. தன் தலையில் தண்ணீர் விழ அந்தப் பெரியவர் சம்மதிக்கவில்லை என்பதால் ஊற்றவில்லை, சரி. ஆனால் "எங்க ஆண்டவர் அவரை விட மாட்டார்" என்றபோது அவரைக் கேட்காமலேயே என் ஆண்டவர் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவரோ அழகர் போதும் என்றவர். தவளைக்காக ஆற்றில் இறங்கி வருகிறவரும், ஒற்றை ஆட்டைக் கண்டுபிடிக்குமளவும் தேடுகிறவரும் ஒருவர்தானா என்று என் சபையில் கேட்க முடியாது. அவரிடம் கேட்டிருக்கலாம். மாஸ்க்கைப் போட்டு பேச்சை நிறுத்தியவள் நான்தான்.

விடியற்காலை 4:50க்கு அவர் போனார். மகன்கள் வந்து அழுதுவிட்டு, ஆம்புலன்ஸ் ஏற்பாட்டுக்குக் கீழே போனார்கள். மகள் கூடவே போனாள். நான் டியூப்களை எடுத்தேன், பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடங்களைத் துடைத்தேன், தாடையைச் சேர்த்துக் கட்டினேன். முகம் துடைக்க வேண்டும். பேசினில் தண்ணீர் இருந்தது. லாக்கர் மேல் அவள் விட்டுவிட்டுப் போன பாட்டிலும் இருந்தது. பாட்டிலைத்தான் திறந்தேன். துணியில் ஊற்றி நெற்றியிலிருந்து துடைத்தேன், மூன்று தடவை. வாய் எதுவும் சொல்லவில்லை. மனசு சொன்னதா என்று யாராவது கேட்டால் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

தேவையில்லை என்று நானே சொல்லியிருந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஏன் அதைச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மீதித் தண்ணீரை சிங்க்கில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன்.

வசனம் கேட்டு அவள் வாசலில் நின்றபோது முதலில் ஞாபகம் வந்தது யோவானும் இல்லை, மாற்கும் இல்லை, அந்தப் பாட்டில்தான். சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள் என்று ஒரு நேரம் தோன்றும். கேஸ் ஷீட்டில் அவள் போன் நம்பர் இருக்கும். இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை.